பழைய நாரோபோட்டின் பூர்வீகம் தேடுவது எப்படி?

நம் ஊரில் மனை வாங்கினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து, தாய்ப்பத்திரம் வரை பின்னால் போய்விடலாம். இங்கிலாந்தில் நாரோபோட் எனும் பழைய கால்வாய்ப் படகு வாங்குகிறவருக்கு அந்த வசதி இல்லை. உள்நாட்டுக் கால்வாய்ப் படகுகளுக்குக் கட்டாய உரிமைப் பதிவேடு என்று எதுவும் கிடையாது. கையெழுத்துப் போட்ட ஒரு விற்பனைச் சீட்டு, ஒரு சாவிக் கொத்து, விற்றவர் சொன்ன ஒரு கதை. இவ்வளவுதான் கையில் வரும். அந்தக் கதையிலும் பாதி அவரிடம் விற்றவர் சொன்னதாக இருக்கும்.

ஆனாலும் இந்தப் படகுகளைப் பற்றி எழுதி வைத்தவர்கள் ஏராளம். சுங்கம் வசூலித்தவர் எழுதினார், சுகாதார ஆய்வாளர் எழுதினார், கம்பெனிக் கணக்கர் எழுதினார், மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவரும் எழுதினார். யாரும் வரலாற்றுக்காக எழுதவில்லை, அவரவர் பிழைப்புக்காக எழுதினார்கள். எனவே ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் படகைப் பற்றி எழுதி வைக்க வேண்டிய தேவை அப்போது யாருக்கு இருந்தது? பதில் கிடைத்தால் காகிதம் எங்கே இருக்கும் என்பது தெரிந்துவிடும். அதில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதும் பிடிபடும்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நாரோபோட் என்பது சுமார் 7 அடி அகலமும் 70 அடி நீளமும் கொண்ட சரக்குப் படகு. இந்த ஒல்லி அளவுக்குக் காரணம், 1766இல் வேலை தொடங்கிய ட்ரென்ட் அண்டு மெர்ஸி கால்வாய். அதன் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி தண்ணீரையும் செலவையும் மிச்சப்படுத்த லாக்குகளை (நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகளை) குறுகலாகக் கட்டினார், படகுகளும் அதற்கேற்ப ஒல்லியாயின. முதலில் குதிரை இழுத்தது, அப்புறம் நீராவி, அப்புறம் டீசல். எஞ்சின் வைத்த படகை மோட்டார் என்பார்கள். அது பின்னால் இழுத்துப்போகும் எஞ்சின் இல்லாத ஜோடிப் படகுக்குப் பெயர் பட்டி. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 50 டன் ஏற்றும். லண்டனில் ஆல்பர்ட்டன் பக்கம் காய்கறி வாங்கப் போகும் தமிழர்கள் ஈலிங் ரோடு பாலத்தின் கீழே பார்க்கும் தண்ணீர்கூட இந்தப் படகுகள் போய்வந்த பாதைதான், கிராண்ட் யூனியனின் பாடிங்டன் கிளை.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: அது உண்மையிலேயே சரக்குப் படகுதானா?

இதை முதலில் முடிவு செய்யாவிட்டால் மற்ற எல்லாம் வீண். 1970களுக்குப் பிறகு உல்லாசத்துக்காகவே கட்டிய வெல்டிங் படகுகள்தான் இன்று பெரும்பான்மை. அவற்றில் சில பழைய பாணியில் கட்டப்பட்டவை. அழகுக்காகப் பொய் ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) ஒட்டியவையும் உண்டு. ஆணித் தலை வெளியே தெரிந்தால் போதாது, உள்பக்கத்தில் அதன் மறுமுனையும் இருக்கிறதா என்று பாருங்கள். உள் பலகைகளைக் கழற்ற முடியாவிட்டால் எஞ்சின் அறையிலோ முன் அலமாரியிலோ ஒரு துண்டு உடல் தகடு வெறுமையாகத் தெரியும், அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள்.

நீளம் 70 அடிக்குக் குறைவாக இருப்பதால் மட்டும் பழைய படகு இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். வடக்கே கால்டர் அண்டு ஹெபிள் போன்ற கால்வாய்களில் லாக் நீளம் குறைவு. அங்கேயும் போய்வர வேண்டும் என்று பல பழைய படகுகளை வெட்டிக் குட்டையாக்கினார்கள். ஒரே படகை நடுவில் வெட்டி, இரண்டு பாதிக்கும் புது முனை வைத்து, இரண்டு படகாக விற்றதும் உண்டு. அப்போது முன்பாதியின் சொந்தக்காரரும் பின்பாதியின் சொந்தக்காரரும் ஒரே வரலாற்றுக்கு உரிமை கொண்டாடுவார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்!

படி 2: காகிதத்துக்கு முன்னால் படகைப் படியுங்கள்

தார் பூசுவதற்காகப் படகை ட்ரை டாக்கில் (தண்ணீர் வடித்த பழுதுபார்ப்புத் தொட்டியில்) ஏற்றும் நாள்தான் நல்ல நாள். தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே இருப்பதையும் அன்றைக்குப் பார்த்துவிடலாம். ஒரு நோட்டு, அளவு நாடா, டார்ச், கேமரா போதும்.

பின்முனையிலிருந்து தொடங்குங்கள். மோட்டாரின் பின்பக்கம் வட்டமாக, ப்ரொப்பெல்லருக்கு மேலே கூரை போல நீட்டிக்கொண்டிருக்கும். பட்டியின் பின்பக்கம் கூராக முடியும், அதில் பெரிய மரச் சுக்கான் தொங்கும். பின்முனைக்குப் பக்கத்தில் பெரிய வெல்டிங் தையல் ஓடி, அதற்குப் பின்னால் மட்டும் ரிவெட் இல்லாமல் இருந்தால், பட்டியாகப் பிறந்து பின்னாளில் மோட்டாராக மாற்றப்பட்டது என்று யூகிக்கலாம். அப்படியானால் பழைய ஆவணங்களில் மோட்டார்களின் பட்டியலில் அதைத் தேடிப் பயனில்லை.

பக்கத் தகடு இரும்பா, எஃகா, அடிப்பலகை மரமா என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கம் இரும்பும் அடி எல்ம் மரமுமாகக் கட்டிய கலப்புப் படகுகள் நிறைய இருந்தன. எல்ம் அடியைப் பெரும்பாலும் பின்னாளில் எஃகாக மாற்றியிருப்பார்கள். கேபினை வைத்துக் காலத்தைக் கணிக்காதீர்கள். மரக் கேபின் உளுத்துப்போய் மாற்றப்படாத பழைய படகு அபூர்வம். எஞ்சினும் அப்படியே. எஞ்சினில் பொறித்த எண் எஞ்சினின் கதையைத்தான் சொல்லும்.

பிரசிடென்ட் என்ற படகை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெல்லோஸ் மார்ட்டன் அண்டு கிளேட்டன் கம்பெனி 1909இல் பர்மிங்காமின் சால்ட்லியில் நீராவிப் படகாகக் கட்டியது. 1925இல் நீராவி எஞ்சினைக் கழற்றி எண்ணெய் எஞ்சின் வைத்தார்கள். 1948இல் கால்வாய்கள் நாட்டுடைமையான பிறகு கால்வாய்ப் பராமரிப்பு வேலைக்குப் போனது. 1970களில் ஆர்வலர்கள் கையில் வந்து மறுபடியும் நீராவிக்கே திரும்பியது. இன்று அதன் எஞ்சினைப் பார்த்துத் தேதி சொல்கிறவர் தவறாகத்தான் சொல்வார்.

இனி எண்கள். பக்கத் தகட்டில் சிறிய உலோகத் தகடுகள் அடிக்கப்பட்டிருக்கலாம். அல்லது தகடு போய், அது இருந்த இடத்தில் நான்கு துளையோ வடுவோ மட்டும் மிஞ்சியிருக்கலாம். அவை கேஜ் தகடுகள், அதாவது படகின் சுமையை அளக்கக் கொடுத்த எண் உள்ள தகடுகள். படி 5க்கு அதுதான் திறவுகோல். பெயிண்டைச் சுரண்டி எடுக்க உடனே இறங்காதீர்கள். இருட்டிய பிறகு டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால், பத்து பூச்சுக்குக் கீழே இருக்கும் எழுத்தின் விளிம்புகூட நிழலாகத் தெரியும். அதைப் படம் எடுத்த பிறகு, எழுத்து தெரிந்த இடத்தில் மட்டும் ஈரமான நுண் உப்புத்தாளால் ஒவ்வொரு பூச்சாகத் தேயுங்கள். நிறம் மாறும்போதெல்லாம் நிறுத்திப் படம் எடுங்கள். நீலமும் மஞ்சளும் வந்தால் 1948 நாட்டுடைமைக்குப் பிந்திய அரசுப் படகுக் கூட்டத்தின் நிறம். அதற்குக் கீழே சிவப்பு, வெள்ளை, நீலம் வந்தால் 1937 முடிசூட்டு விழாவை ஒட்டி கிராண்ட் யூனியன் கம்பெனி பூசிய நிறமாக இருக்கலாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். முகமூடி இல்லாமல், காய்ந்த தூசி பறக்கத் தேய்க்காதீர்கள்.

படி 3: இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள்

விற்றவர் கொடுத்த உறையைக் கொட்டிப் பாருங்கள். பழைய சர்வே அறிக்கை, பாதுகாப்புச் சான்று, உரிம ரசீது, டாக் பில் எல்லாவற்றிலும் தேதியும் ஒரு பெயரும் இருக்கும். உரிமத்தில் உள்ள இன்டெக்ஸ் எண் முக்கியம். படகின் பெயரை யார் எத்தனை முறை மாற்றினாலும் அந்த எண் படகோடு ஒட்டிக்கொண்டே வரும். இப்போது உரிமம் கொடுக்கும் கனால் அண்டு ரிவர் ட்ரஸ்ட் 2012இல்தான் வந்தது. அதற்கு முன் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ். முந்திய சொந்தக்காரர்களின் விவரத்தை அவர்கள் தர மாட்டார்கள், அது தனிநபர் தகவல். ஆனால் சர்வே அறிக்கையில் பெயர் இருப்பவருக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதலாம். பழைய படகுக்காரர்கள் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்கள்.

படி 4: பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள்

ஒரே பெயரில் நான்கு கம்பெனிகளிடம் நான்கு படகு இருந்திருக்கும். ஒரே கம்பெனி, பழைய படகு உடைந்ததும் அதே பெயரைப் புதியதற்கு வைத்திருக்கும். பர்மிங்காம் பக்கம் ஓடிய பகல்நேரச் சரக்குப் படகுகள் பலவற்றுக்குப் பெயரே இல்லை, வெறும் எண்தான். பெயர், சொந்தக்காரர், ஏதாவது ஓர் எண். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் ‘கிடைத்தது’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் ஒரு விஷயத்தில் மட்டும் நன்றாக உதவும்: எந்தத் தொடரைச் சேர்ந்தது என்று காட்டிக்கொடுக்கும். கிராண்ட் யூனியன் கனால் கேரியிங் கம்பெனி 1930களின் நடுவில் மொத்தமாக ஆர்டர் கொடுத்துப் படகுகள் கட்டியது. ஒரு வரிசைக்கு நட்சத்திரங்கள், விண்மீன் கூட்டங்களின் பெயர், இன்னொன்றுக்கு ஊர்ப் பெயர். ஊர்ப் பெயர் கொண்டவற்றுக்குப் பக்கத் தகடு உயரம் அதிகம். நார்த்விச்சில் யார்வுட் பட்டறை, லண்டன் வுல்விச்சில் ஹார்லண்ட் அண்டு வுல்ஃப், ரிக்மன்ஸ்வொர்த்தில் மரப் படகு கட்டிய வாக்கர் என்று வேலை பிரிந்து போனது. இன்று ஸ்டோக் ப்ரூயர்ன் அருங்காட்சியகத்தில் நிற்கும் ஸ்கல்ப்டர் 1935இல் யார்வுட் கட்டியது, அதன் பெயர் ஒரு விண்மீன் கூட்டத்துடையது. உங்கள் படகின் பழைய பெயர் இப்படி ஒரு வரிசையில் உட்கார்ந்தால், கட்டிய ஆண்டும் பட்டறையும் ஏறக்குறைய கைக்கு வந்துவிட்டது. பக்கத் தகட்டின் உயரத்தை அளந்து அதே வரிசைப் படகு ஒன்றோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 5: கேஜ் பதிவேடு

நேரம் குறைவாக இருந்தால் மற்றதை விட்டுவிட்டு இதைத் தேடுங்கள் என்றுதான் சொல்வேன். காரணம், இதில் பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது. கால்வாய்க் கம்பெனி டன் கணக்கில் சுங்கம் வாங்கியது. ஒவ்வொரு படகையும் தராசில் ஏற்ற முடியாது. அதனால் புதுப் படகு வந்ததும் கேஜ் நிலையத்துக்குக் கொண்டுபோய், எடை தெரிந்த இரும்புக் கட்டிகளை டன் டன்னாக இறக்கி, ஒவ்வொரு டன்னுக்கும் படகு எவ்வளவு தாழ்கிறது என்று அளந்தார்கள். பர்மிங்காம் கால்வாய்களுக்கு டிப்டனிலும் ஸ்மெத்விக்கிலும் இந்த நிலையங்கள் இருந்தன.

அந்த அளவு அட்டவணை எல்லாச் சுங்கச் சாவடிக்கும் போகும். சரக்கோடு படகு வந்து நிற்கும்போது கணக்கர் ஒரு கேஜ் குச்சியோடு இறங்குவார். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என்று நான்கு இடங்களில், தண்ணீருக்கு மேலே தெரியும் பக்கத் தகட்டின் உயரத்தை அளப்பார். அதற்குப் பெயரே ‘உலர் அங்குலம்’. நான்கையும் கூட்டிச் சராசரி எடுத்து, படகின் எண்ணுக்குரிய அட்டவணையில் பார்ப்பார். நாரோபோட் ஏறத்தாழ ஒரு டன்னுக்கு ஓர் அங்குலம் தாழும் என்பதால் கால் அங்குலம் தவறினாலும் காசு தவறும். ஆகவே இந்த எண்களை யாரும் அலட்சியமாக எழுதவில்லை.

பதிவேட்டில் ஒரு படகுக்குரிய பக்கத்தில் பொதுவாகக் கேஜ் எண், பெயர், சொந்தக்காரர், நீள அகலம், கேஜ் செய்த தேதி இவை இருக்கும். கைமாறினால் பழைய பெயரை அடித்துப் புதிய பெயர் எழுதியிருப்பார்கள். அந்த அடித்தல் திருத்தல்தான் நமக்குப் பொக்கிஷம். ஒவ்வொரு கால்வாய்க் கம்பெனிக்கும் தனி எண் வரிசை என்பதால் ஒரே படகுக்கு இரண்டு மூன்று கேஜ் எண் இருக்கலாம். உங்கள் தகட்டில் இருக்கும் எண் எந்தக் கம்பெனியுடையது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

பெருவாரியான பதிவேடுகள் செஷயரில் எல்ஸ்மியர் போர்ட்டில், தேசிய நீர்வழி அருங்காட்சியகத்தோடு சேர்ந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். “என் படகைப் பற்றி என்ன இருக்கிறது?” என்று கேட்டால் பதில் வராது. “இந்தக் கம்பெனியின் கேஜ் பதிவேட்டில் இந்த எண்” என்று கேட்டால் எடுத்து வைத்திருப்பார்கள். பேனா கொண்டுபோகாதீர்கள், பென்சில்தான். இன்னொன்று: பல கால்வாய்களை 19ஆம் நூற்றாண்டில் ரயில்வே கம்பெனிகள் வாங்கிவிட்டன. அதனால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கால்வாய்க் காகிதம் ரயில்வே தலைப்பின் கீழே கிடக்கும். கால்வாய் என்று மட்டும் தேடி, இல்லை என்று திரும்பிவிடாதீர்கள்.

படி 6: சுகாதாரப் பதிவேடு

கேஜ் பதிவேட்டில் இரும்பு இருக்கிறது என்றால் இதில் மனிதர்கள் இருக்கிறார்கள். கேபினில் குடும்பமே வாழ்ந்தது. பத்தடிக்கும் குறைந்த நீளத்தில் அப்பா, அம்மா, பிள்ளைகள், அடுப்பு எல்லாம். கோல்வில்லைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இதைப் பற்றி ஓயாமல் எழுதிக் கிளர்ச்சி செய்ததால் 1877இல் கால்வாய்ப் படகுகள் சட்டம் வந்தது. 1884இல் அதைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். ஆட்கள் வசிக்கும் படகு என்றால் ஏதாவது ஓர் உள்ளாட்சியில் பதிய வேண்டும், ஊர் பெயரையும் எண்ணையும் கேபின் பக்கத்தில் எழுத வேண்டும். 12 வயதுக்கு மேற்பட்டவருக்கு 60 கன அடி காற்று, சிறு பிள்ளைக்கு 40 என்று கணக்கு வைத்து, இத்தனை பேர்தான் தூங்கலாம் என்று வரையறுத்தார்கள்.

பழைய படத்திலோ தேய்த்தெடுத்த பெயிண்டிலோ ‘இன்ன ஊரில் பதிவு, எண் இத்தனை’ என்ற வரி கிடைத்தால் அந்த ஊரின் ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். படகு எங்கே ஓடியது என்பதைவிட எங்கே பதிந்தது என்பதுதான் கணக்கு. பர்மிங்காம், கோவென்ட்ரி, டேவென்ட்ரி, ரன்கார்ன் போன்ற ஊர்கள் அடிக்கடி வரும். பதிவில் சொந்தக்காரர், படகோட்டியின் பெயர், வழக்கமாகப் போகும் பாதை, ஏற்றும் சரக்கு எல்லாம் இருக்கும். ஆய்வாளரின் குறிப்பேடும் தப்பிப் பிழைத்திருந்தால் அதையும் கேளுங்கள். கேபின் கூரை ஒழுகுகிறது, அனுமதிக்கு மேல் ஆள் இருக்கிறது, குடிநீர்ப் பீப்பாய் இல்லை என்று ஒற்றை வரியில் எழுதியிருப்பார்கள். சொந்தக்காரர் மாறினாலோ கேபினை மாற்றிக் கட்டினாலோ மறுபதிவு செய்ய வேண்டியிருந்ததால், ஒரே படகு இரண்டு ஊர்ப் பதிவேட்டில் இருக்க வாய்ப்புண்டு.

படி 7: ஆட்களின் வழியாகப் படகு

படகோட்டியின் பெயர் கிடைத்துவிட்டால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போங்கள். படகுகளுக்கென்று தனிப் படிவம் இருந்தது, அதில் படகின் பெயரும் வரும். கணக்கெடுத்த இரவு எங்கே கட்டியிருந்ததோ அந்த ஊரின் கீழேதான் பதிவாகியிருக்கும், சொந்த ஊரில் தேடாதீர்கள். 1921 வரை பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. 1931 கணக்கெடுப்பு 1942 தீ விபத்தில் எரிந்துபோனது, 1941இல் எடுக்கவே இல்லை. இடைவெளியை 1939 செப்டம்பர் பதிவேடு ஓரளவு நிரப்பும்.

பழைய செய்தித்தாள்களில் படகின் பெயர் பெரும்பாலும் நல்ல காரணத்துக்காக வராது. லாக்கில் விழுந்து இறந்த குழந்தையின் மரண விசாரணை, நிலக்கரித் திருட்டு வழக்கு, 1923இல் ப்ரான்ஸ்டனில் நடந்த வேலைநிறுத்தம் என்று வரும். படிக்கக் கஷ்டமாக இருந்தாலும் தேதியும் இடமும் அவற்றில் துல்லியமாக இருக்கும்.

படி 8: கதைகளைச் சல்லடையில் போடுங்கள்

விற்பவர்களுக்குப் பிடித்த கதைகள் சில உண்டு. போர்க்காலத்தில் சரக்குப் படகு ஓட்டிய பெண்கள் இதில்தான் ஓட்டினார்கள் என்பது ஒன்று. சவுத்ஹாலில் இருந்த ஜாம் தொழிற்சாலைக்குக் கடைசியாக நிலக்கரி கொண்டுபோனது இதுதான் என்பது இன்னொன்று. அந்தச் சவுத்ஹால் ஓட்டம் 1970இல் நின்றது. அதில் ஓடிய படகுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, ஆனால் உரிமை கொண்டாடும் படகுகள் அதைவிட அதிகம். கதையை உடனே தூக்கி எறியவும் வேண்டாம், எழுதி வைத்துக்கொண்டு சரிபாருங்கள். அந்த ஆண்டில் படகு எந்தக் கம்பெனியிடம் இருந்தது, அந்தக் கம்பெனி அந்தப் பாதையில் ஓட்டியதா என்று கேட்டாலே பாதிக் கதை தானாக உதிர்ந்துவிடும்.

நான் ஓர் அட்டவணை போட்டு வேலை செய்வேன். இடது பக்கம் ஆண்டு, நடுவில் செய்தி, வலது பக்கம் எங்கிருந்து வந்தது. ஆவணத்தில் கண்ணால் பார்த்தது கறுப்பு மையில், யாரோ சொன்னது நீல மையில். நீலத்தைக் கறுப்பாக மாற்ற ஆசையாக இருக்கும், ஆதாரம் கைக்கு வரும்வரை மாற்றாதீர்கள். 1963இல் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் தன் நாரோபோட் சரக்குப் போக்குவரத்தின் பெரும்பகுதியை நிறுத்திப் படகுகளை விற்றுத் தள்ளியது. அந்த ஆண்டையொட்டி எல்லாப் படகுகளின் அட்டவணையிலும் ஒரு ஓட்டை விழும். அதை நிரப்ப வேறு வழி தோன்றாதபோது ஹிஸ்டாரிக் நாரோ போட் கிளப் ஆட்களிடம் கேளுங்கள். 1966இலிருந்து பழைய படகுச் சொந்தக்காரர்கள் கூடும் சங்கம் அது. அங்கே இருக்கும் பெரியவர்கள் எழுதாததையும் நினைவில் வைத்திருப்பார்கள்.

படகுக்கு 50 வயது தாண்டி, நீளம் 33 அடிக்கு மேல் இருந்து, உடல் பெரும்பாலும் பழையதாகவே இருந்தால் தேசிய வரலாற்றுக் கலங்கள் பதிவேட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். பண உதவி கொட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் விண்ணப்பப் படிவம் கேட்கும் கேள்விகளே உங்கள் தேடலில் எது பாக்கி என்று காட்டிவிடும்.

சேர்த்த காகிதங்களைப் படகில் வைக்காதீர்கள். குளிர்காலத்தில் கேபினுக்குள் ஆவி படிந்து எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேன் செய்து ஒரு பிரதியைச் சங்கத்துக்கு அனுப்புங்கள், இன்னொன்றை எல்ஸ்மியர் போர்ட் காப்பகத்துக்குக் கொடுங்கள். படகை விற்கும் நாளில் விற்பனைச் சீட்டோடு அட்டவணையின் நகலையும், நீல மை நீலமாகவே தெரியும்படி, வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.